நூற்று நாற்பத்திரண்டு மைல்

அத்தியாயம் 5

“செத்துப் போனவங்களுக்கு மைல் ஏறுமா அண்ணி?”

வாயாடி இதைக் கேட்டபோது, வந்திருந்த பெண் முகம் கழுவ உள்ளே போயிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி உதட்டில் விரலை வைத்தாள்.

“அவர் செத்துட்டார்னு உனக்கு யார் சொன்னது?”

“பேப்பர்ல போட்டிருந்தானே. படகு கவிழ்ந்தது, எட்டுப் பேர் பலின்னு.”

“ஏழு உடம்புதான் கிடைச்சுது. எட்டாவது கிடைக்கிற வரைக்கும் நீ வாயை மூடு.”

“எனக்கு வெச்ச பேரே வாயாடி. வாயை மூடிட்டா அப்புறம் என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?”

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைத் துப்பறியும் நிலையத்தில் மொத்தம் இரண்டு பேர். முதலாளி அண்ணி. உதவியாளர், அவளுடைய கணவரின் தங்கை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருவருக்கும் சண்டை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருவரும் பிரிந்ததும் இல்லை.

குழாய்ச் சத்தம் நின்றது. அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கலாம். மருந்துக்கடையில் வேலை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று நினைத்துத்தான் வாயாடி தண்ணீரை நீட்டினாள். ஆனால் அந்த முகத்தில் அழுகை இல்லை. சந்தோஷம் இருந்தது. பதினொரு மாதமாகக் காணாமல் போனவரின் மனைவி முகத்தில் அதைப் பார்ப்பதுதான் சிரமமாக இருந்தது.

“மறுபடியும் ஒரு தடவை சொல்லுங்கக்கா,” என்றாள் அண்ணி. “அவசரமில்ல.”

“அவரு லிஃப்ட் மெக்கானிக் மேடம். மாசத்துல பாதி நாள் ஊர் ஊராப் பறந்துட்டிருப்பாரு. அந்தத் துறைமுக ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணப் போனாரு. ஞாயித்துக்கிழமை லீவுல படகுல போயிருக்காரு. அப்புறம் எந்தத் தகவலும் இல்ல.” அவள் ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்தாள். “போன மாசம் ஒன்பதாம் தேதி அவரோட மைல் கணக்குல இருந்து இந்த மெயில் வந்துச்சு. கடையில பிரிண்ட் எடுத்தேன்.”

அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் சேர்த்துத் தரும் சலுகை மைல்களின் அறிக்கை. அதில் ஒரே ஒரு வரி புதிதாக இருந்தது. கூட்டு விமான நிறுவனப் பயணம். வகுப்பு ‘ஓ’. சேர்ந்த மைல் 142.

“காணாமப் போனவரு எப்படி மேடம் ப்ளேன்ல ஏறுவாரு? உயிரோட இருந்தாத்தானே ஏற முடியும்?”

வாயாடி பதில் சொல்ல வாய் திறந்தாள். அண்ணி மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

“எங்கேயிருந்து எங்கே போனார்னு இதுல இல்லையே?”

“முன்னாடி அதெல்லாம் போடுவாங்க. இந்த வருஷம் திட்டத்தையே மாத்திட்டாங்க இல்ல? கூட்டு நிறுவனத்துல போனா எண்ணிக்கை மட்டும்தான் வருது.” அவள் இன்னொரு காகிதத்தை எடுத்தாள். நான்கு மூலையிலும் ஒட்டுநாடா பிய்ந்திருந்தது. “அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருந்தாரு. புது விதி வரப்போகுதுன்னு அறிவிச்ச அன்னைக்கே உட்கார்ந்து எழுதினாரு. அது அமலுக்கு வர்றதுக்குள்ள…” என்று நிறுத்திக்கொண்டாள்.

நீல மையில் நேர்த்தியான கையெழுத்து. இந்த நிறுவனத்தில் பறந்தால் இனி டிக்கெட் விலைக்கு ஏற்ப மைல். கூட்டு நிறுவனத்தில் பறந்தால் தூரத்துக்கு ஏற்ப, ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் வகுப்பு எழுத்தைப் பொறுத்து. ‘ஒய்’ முழுசு. ‘எம்’ முக்கால். ‘கே’ பாதி. ‘ஓ’ கால். கடைசி எழுத்தின் கீழே சிவப்புக் கோடு போட்டு, ‘இதை வாங்கினால் நான் மடையன்’ என்று எழுதியிருந்தது.

“ஓ-ன்னா ஓசியா?” என்றாள் வாயாடி.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “அவரும் இதையேதான் சொல்வாரு. ஓசி மாதிரி காட்டி ஏமாத்தற எழுத்துன்னு.”

அண்ணி பென்சிலை எடுத்தாள். “கால்வாசி நூத்து நாப்பத்திரண்டு. அப்போ முழுத் தூரம் ஐந்நூத்து அறுபத்தெட்டு மைல். வாயாடி, அந்தக் கூட்டு நிறுவனம் நம்ம ஊர்ல இருந்து எங்கெல்லாம் போகுதுன்னு பாரு.”

வாயாடி போனைத் தட்டினாள். “ஏழு ஊர். ஒண்ணு முந்நூறு. ஒண்ணு எழுநூத்துச் சொச்சம். இது…” அவள் குரல் இறங்கியது. “ஐந்நூத்து அறுபத்தெட்டு. அந்தத் துறைமுக ஊர் அண்ணி.”

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“பார்த்தீங்களா,” என்றாள் அந்தப் பெண் மெல்ல. “அங்கேதான் இருக்காரு.”

“அக்கா, ஒரே ஒரு வரிதான் இருக்கு. ஒண்ணு, இங்கேயிருந்து யாரோ அங்கே போயிருக்கணும். இல்ல, அங்கேயிருந்து இங்கே வந்திருக்கணும். இங்கே வந்திருந்தா…”

“வீட்டுக்கு வந்திருப்பாரு. வரல. தலையில அடிபட்டு எல்லாம் மறந்து போயிருந்தா? வழி தெரியாம இந்த ஊர்லயே எங்கேயாவது நின்னுட்டிருந்தா?”

வாயாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணி பதிவுப் படிவத்தை நகர்த்தினாள். “வீட்டுல யார் யார் இருக்கீங்கன்னு எழுதிடுங்க.”

அவள் எழுதினாள். கணவர் பெயரை எழுதினாள். மகன் என்ற இடத்தில் ‘சின்னவன்’ என்று எழுதினாள்.

“நிஜப் பேரு என்னக்கா?”

அவள் வெட்கத்தோடு தலையைக் குனிந்தாள். “எங்க மாமனார் பேரு மேடம். என் வாயால சொல்ல மாட்டேன். எழுதவும் கை வராது. பொறந்ததுல இருந்து சின்னவன்தான்.”

“சின்னவன் என்ன சொல்றாரு இதைப் பத்தி?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். மெயில் வந்த அன்னைக்கு அவன் ஊர்ல இல்ல. கண்ணாடிக் கடையில லென்ஸ் அறுக்கற வேலை அவனுக்கு. நாலு நாள் பயிற்சின்னு அனுப்பியிருந்தாங்க. திரும்பி வந்ததும் காட்டினேன். பார்த்துட்டுப் போய்ப் படுத்துட்டான்.” அவள் எழுந்தாள். “எதுவா இருந்தாலும் என்கிட்ட மறைக்காதீங்க மேடம். நான் பை எடுத்து வெச்சிட்டேன். நீங்க சொன்னா உடனே கிளம்பிடுவேன்.”

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் வாயாடி கேட்டாள். “அண்ணி, சிவப்புக் கோடு போட்டு மடையன்னு எழுதின மனுஷன், அதே எழுத்துல டிக்கெட் வாங்குவாரா?”

“மாட்டார். ஞாபகம் போனாலும் குணம் போகாது.”

“அப்போ வேற யாரோ.”

“அந்த யாரோவுக்கு இவர் பேரும் இருக்கணும், இவர் மைல் நம்பரும் தெரியணும். கிளம்பு.”

விமான நிறுவன அலுவலகத்தில் டோக்கன் எடுத்து முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. மைல் கவுண்டரில் இருந்தவர் டையை மிகவும் இறுக்கமாகக் கட்டியிருந்தார். அவர் குரலும் அப்படித்தான் வந்தது.

“பயணி விவரம் தர முடியாது. கணக்கு வெச்சிருக்கறவர் நேர்ல வரணும்.”

“அவர் நேர்ல வந்தா நாங்க ஏன் சார் உங்க மூஞ்சியில வந்து முழிக்கப் போறோம்?” என்றாள் வாயாடி.

டைக்காரர் முகம் சிவந்தது. அண்ணி அவசரமாக இடையில் புகுந்தாள்.

“அவ கிடக்கறா சார். விவரமெல்லாம் வேண்டாம். எனக்குப் பொதுவா ஒரு சந்தேகம். டிக்கெட்ல பேர் கொஞ்சம் மாறியிருந்தாலும் மைல் ஏறாதாமே?”

விதியைப் பற்றிக் கேட்டதும் டைக்காரருக்கு உயிர் வந்தது. “அது பழைய கதை மேடம். முன்னாடி ஒரு எழுத்து மாறினாலும் கூட்டு நிறுவன மைல் ஏறாது. தினமும் இங்க வந்து சண்டை. நம்ம ஆளுங்களுக்கு ஏது குடும்பப் பேரு? படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கும். ஒருத்தர் தன் பேரை முதல் கட்டத்துல போட்டு அப்பா பேரை ரெண்டாவதுல போடுவார். அடுத்த பயணத்துல அதையே திருப்பிப் போடுவார். அதனால புதுத் திட்டத்துல ஒரு வசதி பண்ணியிருக்கோம். கட்டம் மாறியிருந்தாலும் ரெண்டு பேரும் நம்பரும் பொருந்தினா போதும். தானா ஏறிடும். அன்னைக்கே மெயிலும் போயிடும்.”

“ஓஹோ. இந்த ‘ஓ’ வகுப்பு டிக்கெட்டை கடைசி நேரத்துல வாங்க முடியுமா?”

“முடியாது. இருபத்தோரு நாள் முன்னாடியே வாங்கணும்.”

அண்ணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் பாதி தூரம் நடந்தவள் நடைபாதையில் அப்படியே நின்றாள். பின்னால் வந்த வாயாடி அவள் மேல் மோதினாள்.

“ஐயோ, பிரேக் லைட் போட்டுட்டு நிக்கக் கூடாதா?”

அண்ணி பைக்குள்ளிருந்து பதிவுப் படிவத்தை எடுத்தாள். “அந்தக்கா புருஷனோட முழுப் பேர் என்ன? அவர் பேரு, அப்புறம் அவர் அப்பா பேரு. சரியா?”

“சரி.”

“சின்னவனுக்கு?”

“அவன் பேரு, அப்புறம் அவன் அப்பா…” வாயாடி நிறுத்தினாள். “அவனுக்கு வெச்சதே தாத்தா பேரு.”

“அதே ரெண்டு பேரு. அப்பாவுக்கு ஒரு வரிசை, பையனுக்குத் தலைகீழ். கட்டம் மாறினாலும் பரவாயில்லைன்னு இந்த வருஷம் விதியை மாத்தினாங்க. பையன் பறந்தா அப்பா கணக்குல மைல் ஏறும்.”

“நாலு நாள் பயிற்சி!” வாயாடியின் மூக்கு விடைத்தது. “அடப்பாவி! பெத்தவளை உட்கார வெச்சு வேடிக்கை பார்த்திருக்கான் அண்ணி. அந்தக்கா பை எடுத்து வெச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க. அவன் என்னடான்னா பார்த்துட்டுப் போய்ப் படுத்துக்கறான். வாங்க, அவனை உரிச்சு உப்புத் தடவறேன்.”

கண்ணாடிக் கடையின் பின்னறை குறுகலானது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். தேய்ப்பு இயந்திரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சின்னவனுக்கு இருபத்து நாலு வயது. வட்டமான லென்ஸை விளக்கொளியில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐந்நூத்து அறுபத்தெட்டு மைல் தூரத்துல என்னப்பா பயிற்சி?” என்றாள் வாயாடி, வாசலை அடைத்து நின்றுகொண்டு.

லென்ஸ் அவன் விரல்களிலிருந்து நழுவி மேஜையில் விழுந்து உருண்டது. அவன் அதைப் பிடிக்கவில்லை.

“நீங்க யாரு?”

“உங்கம்மா எங்ககிட்ட வந்தாங்க,” என்றாள் அண்ணி. “உங்கப்பாவைத் தேடித் தரச் சொல்லி.”

அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

“அப்பா கணக்குல நீதான் மைல் ஏத்தினே, இல்லைன்னு சொல்லு பார்ப்போம்!” வாயாடி விடவில்லை. “கணக்கு காலாவதியாகாம இருக்கணும்னு பண்ணினியா? இல்ல அந்த மைல்ல நீ ஊர் சுத்தலாம்னா? உங்கம்மா என்ன நினைச்சிட்டிருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா? நீயெல்லாம் ஒரு…”

“அப்பாவைப் பார்க்கத்தான் போனேன்,” என்றான் சின்னவன்.

வாயாடியின் வாய் அப்படியே நின்றது.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். “அதுக்கு முந்தின மாசம் அந்த ஊர் போலீஸ்ல இருந்து போன் வந்துச்சு. புகார் கொடுத்தப்போ என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். மீன் வலையில ஒரு உடம்பு சிக்கியிருக்கு, உடம்புன்னு சொல்ல முடியாது, எதுக்கும் ரத்தம் கொடுங்கன்னாங்க. இங்க ஆஸ்பத்திரியில கொடுத்தேன். முடிவு வர மூணு வாரம் ஆகும், ஒன்பதாம் தேதி நேர்ல வாங்கன்னாங்க. அன்னைக்கே டிக்கெட் எடுத்துட்டேன்.”

“இருபத்தோரு நாள்,” என்றாள் அண்ணி தனக்குள்.

“இருபத்தோரு நாளும் அம்மா எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டேன்.”

தேய்ப்பு இயந்திரத்தில் மிச்சமிருந்த தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

“பார்க்க ஒண்ணும் இல்ல, பார்க்காதீங்கன்னாங்க. பார்த்தேன். பேண்ட் பாக்கெட்ல முக்கோணச் சாவி இருந்துச்சு. லிஃப்ட் கதவை வெளியில இருந்து திறக்கறது. அதோட பிடியில அவர் வேலை நம்பரை அவரே ஆணியால கீறி வெச்சிருந்தார். ரத்தமும் ஒத்துப் போச்சுன்னு சொன்னாங்க. அங்கேயே அடக்கம் பண்ணிட்டேன். எடுத்துட்டு வர்ற மாதிரி இல்ல.”

“அந்த மைல் நம்பர்?” அண்ணி மிக மெதுவாகக் கேட்டாள்.

“போகும்போது ஏர்போர்ட் கவுண்டர்ல அந்தப் பொண்ணு கேட்டா, மைல் நம்பர் இருக்கான்னு. எனக்குன்னு கணக்கே கிடையாது. வாயில அப்பா நம்பர்தான் வந்துச்சு. ஸ்கூல் படிக்கும்போதே மனப்பாடம் பண்ண வெச்சார். எந்த ஊர்ல இருந்தாவது போன் பண்ணி, நம்பரைச் சொல்லுடான்னு கேப்பார். கவுண்டர்ல ஒவ்வொரு தடவையும் அட்டையைத் தேடறாராம்.” அவன் சிரிக்கப் பார்த்தான். “என் பேருல ஏறாதுன்னுதான் நினைச்சேன். ஏறும்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன் மேடம். சத்தியமா.”

“திரும்பி வரும்போது ஏன் ப்ளேன்ல வரல?”

“பஸ்ல வந்தேன். பதினாறு மணி நேரம். வீட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள அழுது முடிச்சிடணும்னு. எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு வந்தேன். கதவைத் தட்டினேன். அம்மா திறந்தாங்க. சிரிச்சிட்டிருந்தாங்க.” அவன் கண்ணைத் துடைக்கவில்லை. “பத்து மாசத்துல முதல் தடவை. காகிதத்தை ஆட்டிட்டே, சின்னவனே, அப்பா ப்ளேன் ஏறியிருக்காருடான்னாங்க.”

வாயாடி சுவரோடு சாய்ந்து நின்றாள். எந்தப் பயணம் அவர் இல்லை என்று முடிவு கட்டியதோ, அதே பயணம்தான் அவர் இருக்கிறார் என்று அவர் மனைவிக்குச் சேதி அனுப்பியிருந்தது.

“கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடுங்க மேடம்,” என்றான் அவன். “கொஞ்ச நாள்ல அம்மாவே மறந்துடுவாங்க.”

“மறக்க மாட்டாங்கப்பா. பை எடுத்து வெச்சிருக்காங்க. நான் கண்டுபிடிக்கலைன்னா அவங்க போவாங்க. அந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக் கதவா தட்டி, இவரைப் பார்த்தீங்களான்னு போட்டோவைக் காட்டுவாங்க. எத்தனை கதவுன்னு நினைக்கறே?”

அவன் மேஜையில் கிடந்த லென்ஸை எடுத்து, துடைத்து, அதன் உறையில் போட்டான். வேலைக்குப் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

“நானே சொல்றேன். நீங்க பக்கத்துல மட்டும் இருங்க.”

லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நான்காவது மாடியில் இருந்தது. மூவரும் ஏறினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் சின்னவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “மூச்சு வாங்குது,” என்றான். அவன் வயதில் அது பொய் என்று மூவருக்கும் தெரியும். வாயாடி அவன் தோளில் கை வைத்தாள்.

அம்மா கதவைத் திறந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு மருந்துக்கடையிலிருந்து வந்திருந்தாள். கூடத்தில் ஜிப் போட்ட பை ஒன்று தயாராக இருந்தது. அவள் முதலில் அண்ணியைப் பார்த்தாள். பிறகு வாயாடியை. அவர்களுக்குப் பின்னால் வேலை நேரத்தில் வந்து நிற்கும் மகனைப் பார்த்தாள். அவர்களையும் தாண்டி, படிக்கட்டையும் ஒரு முறை எட்டிப் பார்த்தாள்.

“உள்ள வாங்க,” என்றாள்.

யாரும் உட்காரவில்லை. சின்னவன் சொன்னான். போன் வந்ததைச் சொன்னான். ரத்தம் கொடுத்ததைச் சொன்னான். சாவியைச் சொன்னான். உடம்பைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிப் போனான். அவள் அதையும் கவனித்ததுபோல் இருந்தது. மைல் நம்பர் தன் வாயில் வந்த இடத்தில் அவன் குரல் உடைந்தது. “என் தப்புதாம்மா,” என்றான். “நான்தான் உனக்கு இல்லாததைக் காட்டிட்டேன்.”

அவள் அசையவில்லை. அண்ணி ஓர் அடி முன்னால் வந்தாள், விழுந்தால் பிடித்துக்கொள்ள.

“ஒன்பதாம் தேதி,” என்றாள் அந்த அம்மாள் கடைசியில்.

“ஆமாம்மா.”

“அடக்கம் பண்ணினப்போ யார் கூட இருந்தாங்க?”

“போலீஸ்காரர் ஒருத்தர். குழி வெட்டினவங்க ரெண்டு பேர்.”

“நம்ம ஆளுங்க?”

“யாரும் இல்லம்மா.”

“பஸ்ல பதினாறு மணி நேரமும் தனியாவா வந்தே?”

அவன் தலையாட்டினான்.

“சாப்பிட்டியா வழியில?”

“இல்லம்மா.”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.